ஏரிக்கரையில் ஒன்பது சதவீதம்

பலகையை நஞ்சுண்டன் மறுபடியும் படித்தான். எத்தனை முறை படித்தாலும் அது தன் கருத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.

‘கூடாரம் போடும் இடங்களில் மின்சாரக் கார்களைச் சார்ஜ் செய்யக் கூடாது. மீறுவோர் வெளியேற்றப்படுவர்.’

கீழே, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு கார் படமும் அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடும்.

பலகை அறைந்திருந்த கம்பத்திலேயே ஒரு மின்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ப்ளக் பாயிண்ட் இருந்தது. அதில் கரண்ட் இருந்தது. நஞ்சுண்டனின் கையில் சார்ஜ் ஒயர் இருந்தது. காரில்தான் ஒன்றும் இல்லை. ஒன்பது சதவீதம்.

“மகா, இங்க வாடா.”

மகாதேவன் காரின் கூரையில் கட்டியிருந்த மடக்குக் கட்டிலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கட்டில் வழியெல்லாம் காற்றைப் பிடித்து இழுத்தே பாதி பேட்டரியைத் தின்றிருந்தது.

“என்னடா?”

“புக் பண்றப்ப சார்ஜிங் பத்திக் கேட்டேன்னு சொன்னியே?”

“கேட்டேன்டா.”

“என்ன சொன்னாங்க?”

“எல்லாம் வெவரமாத்தான் சொன்னாங்க. நல்ல பொம்பள.”

“இந்தப் பலகைய பத்திச் சொன்னாங்களா?”

“பலகைய பத்தி நான் கேக்கல. ஏன்டா, வந்ததும் வராததுமா? இரு, காபி வெக்கறேன்.”

இந்தப் பயணமே மகாதேவனின் யோசனை. திங்கட்கிழமை காலை நஞ்சுண்டன் மேற்குக் கரை மில்பிடாஸில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டைரக்டராகப் புது வேலையில் சேர வேண்டும். மனைவி தாமரைச்செல்வியும் மகள் தென்றலும் பள்ளிக்கூடம் திறக்கிறதென்று முன்பே போய்விட்டார்கள். டாலஸ் பக்கத்து இர்விங் வீடு காலி. ஞாயிறு சாயங்காலம் டாலஸிலிருந்து விமானம். கார் பிறகு ட்ரக்கில் வரும். அதுவரை மகாதேவன் வீட்டு வாசலில் நிற்கும். சனிக்கிழமை ஒரே ஒரு ராத்திரி பழைய ஏரிக்குப் போய்விட்டு வரலாம் என்று மகாதேவன் சொன்னபோது, நஞ்சுண்டன் மறுப்பதற்குக் காரணம் தேடினான். கிடைக்கவில்லை. ஒப்புக்கொண்டான்.

மகாதேவனின் பெட்ரோல் வேனில் வந்திருக்கலாம். சரியாக அந்த வாரம் பார்த்து அதில் ஏதோ சத்தம் வந்துவிட்டது.

பழைய ஏரி என்றால், அமெரிக்காவுக்கு வந்த முதல் வருஷத்து ஏரி. அப்போது இர்விங்கில் ஒரே அபார்ட்மென்ட்டில் நஞ்சுண்டன், மகாதேவன், சபரிநாதன் மூன்று பேரும் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு பச்சைக் கார் வாங்கினார்கள். அதன் ஒரு கதவு உள்ளேயிருந்து திறக்காது, இன்னொன்று வெளியேயிருந்து திறக்காது. அந்தக் காரில் இந்த ஏரிக்கு ஒரு ராத்திரிக்கென்று வந்தார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் போய்விட்டது. லாங் வீக்கெண்ட் என்பதால் மெக்கானிக் கிடைக்கவில்லை. மூன்று நாள் ஏரிக்கரையிலேயே கிடந்தார்கள். தின்பதற்கு பிரெட்டும் எலுமிச்சை ஊறுகாயும். விளையாட ஒரு சீட்டுக்கட்டு, அதில் ஒரு ராணி குறைவு.

அதன் பிறகு மகாதேவனுக்குக் கல்யாணம், கிரீன் கார்டு, ரிச்சர்ட்சனில் வீடு எல்லாம் கிடைத்தன. ஆனால் சொல்வதற்கு ஒரு கதை என்றால் அவனிடம் அந்த மூன்று நாள்தான் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சபரி இரண்டு வருஷத்துக்கு முன் ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனான். அந்தச் சாவுக்கு வந்த நஞ்சுண்டன், ஆபீஸ் கால் இருக்கிறதென்று பாதியில் கிளம்பினான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவன் எங்கேயிருந்தும் பாதியில் கிளம்புகிறவன். வளைகாப்பு, பொங்கல் விழா, கிரகப்பிரவேசம், எதற்குப் போனாலும் ஷூ லேஸை அவிழ்க்காமலே காலை உருவிக்கொள்வான். திரும்ப மாட்டுவது சுலபம்.

“சார்ஜிங் இருக்குன்னு நம்பித்தானடா டவுன்ல நிறுத்தாம வந்தோம்?” என்றான் நஞ்சுண்டன். “அங்க ஃபாஸ்ட் சார்ஜர் இருந்துச்சு. இப்ப அது அறுபது மைல் பின்னால இருக்கு.”

“நீதான பீச் பழக் கடைப் பக்கம் சுத்தினதுல லேட்டாயிருச்சுன்னு பறந்த?”

“அந்தப் பீச் பழக் கடைக்கு வழி சொன்னது யாரு?”

“கடை இருந்துச்சா இல்லையா?”

கடை இருந்தது. மூடியிருந்தது.

கோல்ஃப் வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதில் இருந்தவள் லொரெட்டா, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளும் கூடாரங்களும் தங்கும் இந்தப் பார்க்கின் பொறுப்பாளர். எழுபது வயதிருக்கும். வைக்கோல் தொப்பி, மார்பில் வெள்ளி எழுத்தில் பெயர். அவள் யாரைப் பார்த்தாலும் ‘ஹன்’ என்றாள். அது கோபிசெட்டிபாளையத்தில் ‘கண்ணு’ என்பதற்குக் கொஞ்சமும் குறையாதது.

“கண்ணு, கையில என்ன ஒயர்?” என்றாள் அவளுடைய இழுவை இங்கிலீஷில்.

நஞ்சுண்டன் ஒயரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பத்தடி ஒயர். மறையவில்லை.

“இந்தக் கம்பத்துக்கு வர்ற கேபிள் எல்லாம் என் மாமனார் காலத்துல புதைச்சது. ஒரு லைட்டு, ஒரு ஃபேன், அவ்வளவுதான் தாங்கும். போன கோடையில ஒருத்தன் உன்ன மாதிரியே மாட்டினான். பெட்டி வெண்ணெயா உருகிருச்சு. பெரிய கரண்ட் அந்தப் பக்கம், ஆர்.வி. வரிசையில இருக்கு. அது ஆர்.வி.ல வர்றவங்களுக்கு மட்டும்.”

“நாளைக்குச் சாயங்காலம் எனக்கு ஃப்ளைட் இருக்கு மேடம்.”

“நல்லது கண்ணு. போயிட்டு வா.”

வண்டி போய்விட்டது. மகாதேவன் காபியை நீட்டினான். “பாத்தியா, நல்ல பொம்பளன்னு சொன்னேன்ல.”

அந்த நல்ல பெண்மணியை ஏமாற்றுவதென்று நஞ்சுண்டன் காபி ஆறுவதற்குள் முடிவு செய்தான். காரைக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்தினான். ஒயரைப் பெட்டியில் சொருகினான். அது புல்லில் கிடப்பது தெரியாமலிருக்க, மகாதேவனின் வேட்டியை நனைத்து ஒயரின்மேல் காயப்போட்டான். பார்த்தால் யாரோ குளித்துவிட்டுத் துணி உலர்த்தியதுபோல இருக்கும். காரில் பச்சை விளக்கு மெதுவாக மினுக்கியது. அந்த வேகத்தில் போனால் விடிவதற்குள் டவுனை எட்டும் அளவுக்கு ஏறிவிடும்.

“மகா, வேற எதையும் மாட்டிராத. கரண்ட்டு இது ஒண்ணுக்குத்தான் சரியா இருக்கும்.”

“நான் எதுக்குடா மாட்டப்போறேன்?”

இருட்டத் தொடங்கியபோது நஞ்சுண்டன் கைகால் கழுவப் போனான். திரும்பி வரும்போது ஏரிக்கரையின் அந்த வரிசை முழுக்க ஒரேயடியாக அணைந்தது. கூடாரங்களில் விளக்கு போனது. பக்கத்துக் கூடாரத்தில் பாட்டு நின்றது. எங்கேயோ ஒரு குழந்தை கைதட்டியது.

மகாதேவன் இருட்டில் இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

“என்னடா பண்ணின?”

“இண்டக்‌ஷன் ஸ்டவ்வை மாட்டினேன். அடுப்பு எங்கடா ‘வேற’ ஆச்சு? அது சோறு.”

லொரெட்டா டார்ச்சோடு வந்தாள். முதலில் பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஒயரைப் பார்த்தாள். ஒயரோடு நடந்து வேட்டியை அடைந்தாள். வேட்டியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினாள். 

“இது என் துணி மேடம்,” என்றான் மகாதேவன். “ஒயர் அவனோடது.”

அவள் பெட்டியில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனாள். ஒன்பது பத்தாகியிருந்தது. டெக்சாஸ் செப்டம்பர் வெக்கையில் நஞ்சுண்டன் காருக்குள் கொஞ்ச நேரம் ஏசி போட்டுக்கொண்டு தூங்கினான். காலையில் எழுந்தபோது பத்து மறுபடியும் ஒன்பதாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை உணவு சாம்பார் இட்லி. மகாதேவன் அடுப்பு இல்லாமலே சுள்ளி பொறுக்கி வைத்து எப்படியோ அவித்திருந்தான். சாம்பாரை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான், தமிழ்ச் சங்கத்துப் பந்தியில் பரிமாறும் பெரிய எவர்சில்வர் வாளியில், மூடியோடும் கரண்டியோடும்.

“ரெண்டு பேருக்கு எதுக்குடா ஒரு வாளி சாம்பார்?”

“தின்னுடா. பத்தலைன்னா சங்கடம்.”

நஞ்சுண்டன் நின்றுகொண்டே தின்றான். ஏரிமேல் வெயில் விழுந்து கூசியது. அந்தக் காலத்தில் சபரி நீச்சல் தெரியாமல் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் ‘காப்பாத்துங்கடா’ என்று கத்திய இடம் அதோ அந்தப் படகுத் துறைதான். மகாதேவன் அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

“அப்பறம் சொல்லு,” என்று நஞ்சுண்டன் தட்டைக் கீழே வைத்தான். “எனக்கு ஒரு ஐடியா.”

ஆபீஸ் அறையில் லொரெட்டா பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், ஆர்.வி.ன்னா என்ன?” என்றான் நஞ்சுண்டன்.

“என்ன கண்ணு, பரீட்சை வைக்கிறியா?”

“உங்க விதியில எப்படிப் போட்டிருக்கு?”

அவள் யோசித்தாள். “படுக்க இடம் இருக்கணும். சமைக்க இடம் இருக்கணும். கக்கூஸ் இருக்கணும். மூணும் ஒரே வண்டிக்குள்ள இருக்கணும்.”

“அப்படின்னா என்னோடதும் ஆர்.வி.தான். அரை மணி நேரத்துல வந்து பாருங்க.”

அந்த அரை மணி நேரம் நஞ்சுண்டன் தன் இருபது வருஷ மென்பொருள் அனுபவத்தை முழுதாகப் பயன்படுத்தினான். பின் சீட்டை மடக்கிப் படுக்கை விரித்தான். டிக்கியின் ஓரத்தில் இண்டக்‌ஷன் ஸ்டவ்வை நிறுத்தினான். மூன்றாவதுக்குத்தான் வழியில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவனின் கண் எவர்சில்வர் வாளியில் போய் நின்றது. மூடி இருக்கிறது. கைப்பிடி இருக்கிறது. உயரமும் சரியாக இருக்கிறது.

“மகா, சாம்பாரைக் குக்கருக்கு மாத்து. வாளியைக் கழுவு.”

“எதுக்கு?”

நஞ்சுண்டன் காதோடு சொன்னான்.

மகாதேவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “டைரக்டர் வேலைக்குப் போறவனாடா நீ?”

ஆனாலும் கழுவினான். டிக்கியின் மூலையில் வைத்து, சுற்றி ஒரு துண்டுகூடக் கட்டினான்.

லொரெட்டா வந்தாள். படுக்கையை அமுக்கிப் பார்த்தாள். ஸ்டவ்வைத் தட்டிப் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நஞ்சுண்டன் நினைத்தான். அவள் துண்டை விலக்கி வாளியைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

“இதுல என்ன வாசனை?”

“அது பெருங்காயம் மேடம்,” என்றான் மகாதேவன், உதவி செய்யும் ஆர்வத்தில். “காலைல வரைக்கும் இதுலதான் சாப்பாடு வெச்சிருந்தோம். நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்களேன்?”

லொரெட்டா மூடியை மெதுவாக மூடினாள். இரண்டடி பின்னால் போனாள்.

“உங்க நாட்டு வழக்கத்தைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது,” என்றாள். “ஆனா இது ஆர்.வி. இல்ல.”

அவள் போன பிறகு நஞ்சுண்டன் துண்டை உருவி மகாதேவன்மேல் எறிந்தான். “வாய மூடிட்டு நிக்க மாட்டியாடா?” என்றான்.

“வாசனை என்னன்னு கேட்டாங்க. சொல்லாம இருந்தா என்ன நெனைப்பாங்க?”



மீன் குழம்பு வாசனை வந்தது அப்போதுதான். ஆர்.வி. வரிசையிலிருந்து வந்தது. அமெரிக்கர்கள் மீனுக்குப் புளி போட மாட்டார்கள். நஞ்சுண்டன் வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தான். பஸ் அளவு வண்டி ஒன்றின் பக்கத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி, தமிழா?” என்றார். பார்த்ததும் கேட்டுவிட்டார். “நேத்து ராத்திரி கரண்ட்டைக் கட் பண்ணுனது நீங்கதானா?”

பெயர் மரிய அந்தோணி. தூத்துக்குடிக்காரர். டாலஸில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, மனைவி யூனிஸுடன் வாடகை ஆர்.வி.யில் முதல் முறையாக வெளியே வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டினார்.

“பிளக்குதானே? எடுத்துக்கிடுங்க. இதுல என்ன இருக்கு? யூனிஸ்! ஏசியை அமத்து!”

“இந்த வேக்காட்டுலயா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒரு பிள்ளைக்கு ஃப்ளைட்டு போயிரும்டீ!”

லொரெட்டாவிடமும் கேட்டாகிவிட்டது. அவர்கள் தங்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டு இவன் ஒயரைச் சொருகினால் அது அவர்கள் இஷ்டம், விதியில் தடையில்லை என்றாள். பெரிய கரண்ட். மூன்று மணி நேரம் போதும், டவுன் போய், இர்விங் போய், விமானத்தைப் பிடித்துவிடலாம்.

யூனிஸ் ஆன்ட்டி ஏசியை அணைத்தார். ஃப்ரிட்ஜையும் அணைத்தார். மீன் குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார். அங்கிள் மேசையை நகர்த்தினார். நஞ்சுண்டன் ஒன்பது சதவீதத்தை எட்டாக்கி, காரை ஓட்டிவந்து அளந்து நிறுத்தினான்.

“மகா, அந்தப் பெரிய ப்ளக்குக்கான அடாப்டரை எடு. நீலப் பையில இருக்கு.”

மகாதேவன் அசையவில்லை.

“நீலப் பையா?”

“ஆமா. டிக்கியில அடியில வெச்சிருந்தேன்.”

“அதை ரிச்சர்ட்சன்லயே எறக்கி வெச்சுட்டனேடா. என் கராஜ்ல.”

“ஏன்?”

“கேரம் போர்டுக்கு எடம் பத்தல.”

நஞ்சுண்டன் டிக்கியைத் திறந்தான். கேரம் போர்டு இருந்தது. இர்விங் அபார்ட்மென்ட்டில் மூன்று பேரும் ஆடிய அதே போர்டு. ஒரு மூலையில் சபரி அயர்ன் பாக்ஸை வைத்துச் சுட்ட கறுப்பு முக்கோணம்கூட அப்படியே இருந்தது.

“எங்களை ஏசிய அமத்தச் சொல்லிட்டு நீங்க கேரம் போர்டு பாக்குறியளா?” என்றார் யூனிஸ் ஆன்ட்டி.

அங்கிள் சமாதானம் செய்தார். “இந்தா, பக்கத்துலயே சின்ன பிளக்கும் இருக்கு தம்பி. அதுல மாட்டுங்க. மெதுவா ஏறட்டும்.”

“இது டவுன் போற அளவுக்கு ஏற விடிஞ்சிரும் அங்கிள்.”

“விடியட்டும். மீன் இருக்கு.”

டாக்ஸி ஆப் அந்தப் பகுதியில் வண்டிகள் இல்லை என்றது. அந்தப் பகுதியில் மனிதர்களே குறைவு. அங்கிளின் பஸ்ஸிலேயே டாலஸ் போய்விடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. ஆனால் அதை இடத்துக்குள் ரிவர்ஸ் எடுக்கவே முந்தின நாள் ஊர் கூடித் தேர் இழுத்திருந்தது. மிச்சம் இருந்தது நின்றுபோன காரை ஏற்றிச் செல்லும் டோ வண்டி ஒன்றுதான். நஞ்சுண்டனின் போனில் சிக்னல் வராது. மகாதேவனின் போனில் வந்தது. அதை வாங்கி, இன்ஷூரன்ஸ்காரர்களைப் பிடித்து, காத்திருந்து, மன்றாடி, மகாதேவனின் நம்பரைக் கொடுத்தான். பக்கத்தில் எங்காவது வண்டி கிடைத்தால் டிரைவரே கூப்பிடுவார், உடனே ஆமென்று சொல்ல வேண்டும் என்றார்கள்.

“மகா, போனைக் கையிலயே வெச்சுக்க. நான் பெட்டி கட்டிட்டு வந்தர்றேன்.”

கூடாரத்தை மடித்துவிட்டு நஞ்சுண்டன் வந்தபோது, மகாதேவன் வாழையிலை மாதிரி ஒரு காகிதத் தட்டில் மீனை ஆய்ந்துகொண்டிருந்தான்.

“கால் வந்துச்சா?”

“டோக்காரனா? இல்லையே. எவனோ ஒருத்தன்தான் கூப்பிட்டான். உங்க கார் விஷயமாப் பேசணும்னான். இந்த வாரன்ட்டி விக்கிற பசங்க தொல்லை தாங்கல. எங்க கார் நல்லாத்தான் இருக்கு, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்.”

நஞ்சுண்டன் புல்லில் உட்கார்ந்தான்.

“உங்க கார் விஷயமான்னானா?”

“ஆமா.”

“நம்ம கார் நல்லாருக்குன்னியா?”

“நல்லாத்தானடா இருக்கு? கரண்ட்தான இல்ல.”

திரும்பக் கூப்பிட்டபோது, இனித் திங்கட்கிழமைதான் வண்டி என்றார்கள்.

படகுத் துறையின் நுனியில் நின்றால் நஞ்சுண்டனின் போனுக்கும் ஒரு கோடு சிக்னல் வந்தது. அங்கே நின்று தாமரைச்செல்விக்குச் சொன்னான்.

“நான் கேக்கறேன், வேலையில சேர்ற மொத நாளே லீவு போடற ஆள் உலகத்துல யாராச்சும் உண்டா?” என்றாள் அவள். “யாரு கூடப் போனீங்க? மகாண்ணா கூடவா? அப்பச் சரி. அவரு கூடப் போனா என்னைக்கு ஒழுங்கா வந்திருக்கீங்க?”

“நான் என்னைக்கும் ஒழுங்கா வந்திருக்கனே. சீக்கிரமாவே வந்திருக்கேன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றாள். என்ன சொன்னாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. பின்னாலிருந்து தென்றல், “டாட் இஸ் ஸ்டக் அட் அ லேக்? தட்ஸ் ஸோ கூல்,” என்றாள்.

புது மேனேஜருக்கு மெயில் எழுதினான். நாலு முறை அழித்தெழுதினான். குடும்ப அவசரம் என்று போட்டான், அழித்தான். உடல்நிலை என்று போட்டான், அழித்தான். கடைசியில் கார் நின்றுவிட்டது என்று உண்மையையே எழுதினான்.  பதில் அவன் துறையின் நுனியை விட்டுத் திரும்புவதற்குள் வந்துவிட்டது. ‘கவலை வேண்டாம். புதன்கிழமை வந்தால் போதும். உங்கள் லேப்டாப்பே இன்னும் வரவில்லை.’

அவன் அதை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாகப் பாதிப் பந்தியில் எழுந்து எழுந்து ஓடியதெல்லாம் இந்த மாதிரி ஒரு லேப்டாப்புக்காகத்தான்போலிருக்கிறது.

மேற்கே போகும் விமானம் ஒன்று தலைக்குமேல் சின்னதாகத் தெரிந்தது. அவனுடையதாக இருக்காது. இருந்தாலும் திட்டினான். பிறகு ஷூவைக் கழற்றினான். லேஸ் பல மாத முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

சாயங்கால வெயிலில் ஆர்.வி.யின் நிழலில் கேரம் போர்டு போட்டார்கள். ஒரு பக்கம் அங்கிளும் ஆன்ட்டியும், இன்னொரு பக்கம் இவர்கள் இருவரும். பக்கத்தில் கார் சின்ன ப்ளக்கில் எறும்பு ஊர்வதுபோல ஏறிக்கொண்டிருந்தது. யூனிஸ் ஆன்ட்டி ஏசியைப் போட்டுவிட்ட சந்தோஷத்தில் காயாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, நீங்க சர்ச் போட்டியில ஆடினவங்களா?”

“ஆட்டத்தைப் பாருங்க தம்பி. பேச்சுக்குக் காய் விழாது.”

சிவப்புக் காய் சுட்ட மூலையின் ஓரத்தில் போய் நின்றது.

“சபரி இருந்தா இதைக் கண்ண மூடிட்டுப் போட்டிருப்பான்,” என்றான் மகாதேவன்.

“எங்க போட்டான்? போர்டைத்தான் சுட்டான்.”

மகாதேவன் சிரித்தான். நஞ்சுண்டனும் சிரித்தான். படகுத் துறையில் சபரி இடுப்பளவு தண்ணீரில் முங்கிய கதையை இந்த முறை நஞ்சுண்டனே ஆரம்பித்தான். மகாதேவன் நடுவில் திருத்தினான்: இடுப்பளவு இல்லை, முழங்காலளவு. அங்கிள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தப் பச்சைக் காரை என்ன செய்தோம் என்று இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. யாருக்கோ சும்மா கொடுத்தோம் என்றான் ஒருவன். இல்லை, யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார்கள் என்றான் மற்றவன். சாம்பார் குக்கரில் இன்னும் நிறைய இருந்தது. மீன் குழம்புக்குப் பிறகு அதையும் தின்றார்கள்.

“அன்னிக்கு கார் நின்னதும் நல்லதாப் போச்சுடா,” என்றான் நஞ்சுண்டன், தட்டை வழித்துக்கொண்டே.

மகாதேவன் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினான். 

திங்கட்கிழமை காலையில் காரில் டவுன் போகும் அளவுக்கு ஏறியிருந்தது. டோ வண்டி வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. அங்கிளும் ஆன்ட்டியும் கையசைத்தார்கள். மகாதேவன் முன்சீட்டில் மடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தான். கேரம் போர்டு அதற்குமேல்.

கிளம்பும் வழியில் ஆபீஸ் வாசலில் நஞ்சுண்டன் காரை நிறுத்தினான். “நேத்து மத்தியானமே காலி பண்ணியிருக்கணும். ஒரு ராத்திரி கூடத் தங்கிட்டோம். கட்டிட்டு வந்தர்றேன்.”

“அதெல்லாம் வேண்டாம் வாடா, போலாம்,” என்றான் மகாதேவன் அவசரமாக. அவன் அவசரப்பட்டு நஞ்சுண்டன் பார்த்ததே இல்லை.

“சும்மா இரு. அந்தம்மாவை எவ்வளவு படுத்திட்டோம்.”

உள்ளே லொரெட்டா தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நஞ்சுண்டன் கார்டை நீட்டினான். வேட்டிக்கும் வாளிக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டான். அவள் கார்டை வாங்கவில்லை. ஜன்னல் வழியே காரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள்.

“ரெண்டு ராத்திரிக்கும் உன் கூட்டாளி புக் பண்ணின அன்னைக்கே கட்டிட்டாரு கண்ணு,” என்றாள். “போன் பண்ணி, அங்க காரைச் சார்ஜ் பண்ண முடியுமான்னு கேட்டாரு, முடியவே முடியாதுன்னேன், ‘அப்படின்னா அந்த எடந்தான் வேணும்’னுட்டாரு.”